கிடந்தா வலிவு கூடும்

கேள்வி: ஐயா, நான் பொது மருத்துவம் எம்.டி. இரண்டாம் ஆண்டு. ஊர் மார்த்தாண்டம் பக்கம். படிப்பதும் கேரள எல்லையை ஒட்டிய ஒரு கல்லூரியில்தான். அடுத்த மாதத்திலிருந்து ஃபைனல் இயர் மாணவர்கள் எட்டுப் பேருக்கு வாரம் மூன்று நாள் பெட்சைடு கிளினிக்ஸ் (நோயாளியின் கட்டிலருகே நடத்தும் பாடம்) எடுக்கும்படி சீஃப் சொல்லிவிட்டார். பாடம் எடுப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. போன வாரம் ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். நெஞ்சில் நீர் கோத்த நோயாளி. ஹார்ட் ஃபெயிலியர் என்று ஒரு வாரமாக லேசிக்ஸ் (சிறுநீர் வழியே நீரை வெளியேற்றும் மருந்து) போகிறது. "லைட்ஸ் கிரைட்டீரியா போட்டால் எக்ஸுடேட் என்று வருகிறதே மேடம், அப்போ ஹார்ட் ஃபெயிலியர் இல்லையா?" என்று ஒரு பையன் கேட்டான். (நெஞ்சு நீரின் வகையைப் பார்க்கும் கணக்கு அது. எக்ஸுடேட் என்றால் தொற்று, அழற்சி போன்றவற்றால் ஊறும் புரதம் மிகுந்த நீர்; ஹார்ட் ஃபெயிலியரில் வழக்கமாக வருவது புரதம் குறைந்த ட்ரான்ஸுடேட்.) எனக்குத் தெரியவில்லை. "முதலில் பெர்கஷன் (நெஞ்சை விரலால் தட்டிப் பார்ப்பது) ஒழுங்காகச் செய், அப்புறம் கிரைட்டீரியா பேசலாம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் வேறு பக்கம் போகிறான். முப்பது பெட், நைட் டியூட்டி, தீசிஸ். இதற்கு நடுவில் இதையும் நான்தான் செய்ய வேண்டுமா? செய்தாக வேண்டுமென்றால் எப்படித் தயாராவது? (பெயர் வேண்டாம், கன்னியாகுமரி மாவட்டம்)

அன்புள்ள டாக்டருக்கு,

செய்ய வேண்டுமா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆமாம், செய்யத்தான் வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிமுறைகளிலேயே, எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கும் இன்டர்ன்களுக்கும் கற்பிப்பதில் பி.ஜி.க்கள் (முதுநிலை மாணவர்கள்) பங்கெடுக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் உங்கள் மனக்குறை நியாயமானது. கற்பிக்கும் முறை பற்றி ஓர் அடிப்படைப் பயிற்சியை ஆணையம் வைத்திருக்கிறது. அது கட்டாயமாவது ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு. எம்.டி. முடித்து, உதவிப் பேராசிரியராகி, அந்தப் பயிற்சியில் உட்கார்ந்து "ஓ, இப்படித்தான் எடுக்கணுமா" என்று தலையாட்டுவதற்குள் மூன்று வருடம் தோன்றியபடி எடுத்து முடித்திருப்போம். மூன்று வருடம் பஸ் ஓட்டிய பிறகு எல்.எல்.ஆர். போடுவது மாதிரி. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் எல்.சி.எம்.இ. என்ற அமைப்பு, மாணவருக்குக் கற்பிக்கும் ரெசிடெண்டுகளை (அங்கத்திய பி.ஜி.க்களை) அந்த வேலைக்குத் தயார்செய்வதும், மாணவர் எதையெல்லாம் கற்றாக வேண்டும் என்பதை அவர்களுக்குத் தெரிவிப்பதும் கல்லூரியின் பொறுப்பு என்று விதியே வைத்திருக்கிறது. நம் ஊரில் சில கல்லூரிகள் தாமாகச் செய்கின்றன. பல இடங்களில் "நாளையிலிருந்து கிளினிக்ஸ் எடும்மா" என்ற ஒரு வாக்கியம்தான் மொத்தப் பயிற்சியும்.

சரி, உங்களுக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் கிடைத்திருக்கிறது. இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம்.

நீங்கள் தயாராவது என்று எதை நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து, நாளைக்கு வரும் கேஸைப் பற்றித் தடித்த புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுக்கப் படித்து, காலையில் அதை எட்டுப் பேர் முன்னால் கொட்டுவது. நானும் அப்படித்தான் செய்தேன், நாலைந்து வருடம். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள், நானும் திருப்தியாக வீட்டுக்குப் போனேன். அவர்கள் என்ன கற்றார்கள் என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் அந்த நாலைந்து வருடமும் அவர்கள் பேசி நான் கேட்டதே இல்லை.

கேட்க ஆரம்பித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான் யூனிட் சீஃப் ஆன புதிது. பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ரப்பர் வெட்டுத் தொழிலாளி, அறுபது வயதிருக்கும். கேஸ் எடுத்த மாணவன் சேலத்துப் பையன். அவன் கேஸை வாசித்தான்: பத்து நாளாக வலி, படுத்தால் கூடுகிறது, எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது. நோயின் பெயராக 'பெரிகார்டைட்டிஸ்' (இதயத்தின் உறையில் அழற்சி) என்றான். பக்கத்தில் நின்ற என் பி.ஜி. சிரித்துவிட்டார். "ஈ.சி.ஜி. பார்த்தியா? கழுத்தைப் பார்த்தியா? காலைப் பார்த்தியா? பெரிகார்டைட்டிஸாம்!" கூட நின்ற மாணவர்களும் சிரித்தார்கள். நோயாளி பாவம், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

என்ன தோன்றியதோ, நான் அந்தப் பையனிடம், "சரி, பெரிகார்டைட்டிஸ்னு ஏன் நினைச்சே?" என்றேன்.

"படுத்தா வலி கூடுது, உட்கார்ந்தா குறையுது சார். அதனாலதான்."

பதில் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இருந்தது. இவ்வளவு ஒழுங்காக யோசிக்கிறவன் எங்கே வழி தவறினான்? "நோயாளி எந்த வார்த்தையைச் சொன்னாரோ, அதை அப்படியே சொல்லு."

"'கிடந்தா வலிவு கூடும்'னு சொன்னார் சார்."

இப்போது வார்டு சிஸ்டர் சிரித்தார். உங்களுக்கும் சிரிப்பு வந்திருக்கும், நீங்கள் மார்த்தாண்டத்துக்காரர். எல்லைக்கு அந்தப் பக்கம் வலிவு என்றால் மூச்சிளைப்பு. சேலத்துக்காரனுக்கு அது 'வலி' என்று கேட்டிருக்கிறது. (தமிழ் அகராதியைப் பார்த்தால் வலிவு என்பது பலம். படுத்தால் பலம் கூடுகிறது என்று எழுதாமல் விட்டானே!) அர்த்தம் சொன்னதும் அந்தப் பையன் ஒரு நிமிடம் பேசாமல் நின்றான். பிறகு தானாகவே நோயாளியின் தலைமாட்டுக்குப் போய்க் கழுத்தைப் பார்த்தான். நரம்பு காது மடல் வரைக்கும் புடைத்திருந்தது. "ஆர்தாப்னியா சார். ஹார்ட் ஃபெயிலியர்" என்றான். (படுத்தால் வரும் மூச்சிளைப்புக்கு ஆர்தாப்னியா என்று பெயர்.) நுரையீரலின் அடிப்பகுதியில் கிரெப்ஸ் (ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் நொறநொற ஒலி), கணுக்காலில் அமுக்கினால் குழி, எல்லாம் அவனே தேடிக் கண்டுபிடித்தான். நான் எதுவும் சொல்லவில்லை.

என் பி.ஜி. சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. ஈ.சி.ஜி. பார்க்க வேண்டியதுதான், கழுத்தைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அவர் விடையைத்தான் திருத்தினார். பையனுடைய யோசனை சரியாகவே இருந்தது, உள்ளே போன ஒரு சொல்தான் பிசகு. 'ஏன்' என்று கேட்காமல் அதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

அன்று நான் தற்செயலாகச் செய்ததற்கு முறையாக ஒரு பெயர் உண்டென்று பிறகுதான் தெரிந்தது. 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சிலர் ஐந்து படிகளாக இதை எழுதி வைத்தார்கள். 'ஒரு நிமிட ப்ரிசெப்டர்' (ப்ரிசெப்டர் என்றால் கூட இருந்து கற்பிப்பவர்) என்று சொல்வார்கள். மாணவரை முதலில் ஏதாவது ஒரு முடிவைச் சொல்ல வைப்பது. ஏன் அப்படி நினைக்கிறார் என்று கேட்பது. அந்த நோயாளியிடமிருந்து அடுத்த நோயாளிக்கும் உதவுகிற ஒரே ஒரு விதியைச் சொல்லித் தருவது. சரியாகச் செய்தது இன்னது என்று சொல்வது. தவறைத் திருத்துவது. அவ்வளவுதான். இதைப் பரிட்சைக்குப் படிப்பது போல மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் இரண்டு படி கைக்கு வந்துவிட்டால் மீதி பின்னாலேயே வரும்.

முதல் படியில் ஒரு சிக்கல் இருக்கிறது. "என்ன நினைக்கிறே?" என்று கேட்டால் நம் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தப்பான விடைக்குத் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். நீங்கள் கேட்டுவிட்டு இரண்டு நொடி பொறுப்பீர்கள், பதில் வராது, நீங்களே சொல்லிவிடுவீர்கள். அடுத்த நாளிலிருந்து அவர்களுக்கு உங்கள் வழக்கம் தெரிந்துவிடும்: சும்மா நின்றால் மேடமே சொல்லிவிடுவார். நான் கோட் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு விரல் விட்டு எண்ணுவேன். ஐந்து விரலும் மடங்கும் வரை வாயைத் திறக்க மாட்டேன். அந்த ஐந்து நொடி உங்களுக்கு ஐந்து நிமிடமாகத் தெரியும், பரவாயில்லை. மூன்றாவது நாள் யாராவது ஒருவர் பேசுவார். பேசியது தப்பாக இருந்தால் அன்று உங்கள் முகம் போகிற போக்கைத்தான் மற்ற ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதை மறந்துவிடாதீர்கள்.

இந்த வேலைக்கு உங்களிடம் இருக்கிற ஒன்று என்னிடம் இல்லை. எது புரியாமல் இருந்தது என்பது உங்களுக்கு இன்னும் நினைவிருக்கும். முப்பது வருடம் பெர்கஷன் செய்த எனக்கு விரலில் எங்கே டல் ஆகிறது என்பது தெரியும், ஆனால் அது தெரியாமல் இருந்த காலம் மறந்துபோயிற்று. உங்களுக்கு மூன்று வருடம் முன்னால்தான் அது பிடிபட்டிருக்கும். எந்த இடத்தில் தடுமாறினீர்கள், யார் சொன்ன எந்த வாக்கியத்தில் விளங்கிற்று என்று ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பாருங்கள். அதுதான் உங்கள் லெக்சர் நோட்ஸ்.

இன்னொன்று, நீங்கள் இந்த ஊர்க்காரர். உங்களிடம் வரும் எட்டுப் பேரில் பாதிப் பேர் வெளி மாவட்டமாக இருக்கும். பாட்டி 'பனி' என்றால் காய்ச்சல் என்று அவர்களுக்குத் தெரியாது, ஜலதோஷம் என்று எழுதுவார்கள். 'மேலு நோவு' என்றால் உடம்பு வலி, அதை உடம்பின் மேல்பாதியில் வலி என்று எழுதினவரை நான் பார்த்திருக்கிறேன். சர்தி (வாந்தி), ஓக்கானம் (குமட்டல்), தலைகறக்கம் (தலைசுற்றல்), தீனம் (நோய்), ஒவ்வொன்றும் ஒரு கேஸைத் திசைதிருப்பும். வார்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி நூல் கட்டித் தொங்கவிடுங்கள். புதிய சொல் காதில் விழுகிற மாணவர் அதில் எழுதட்டும், அர்த்தத்தை நோயாளியிடமே கேட்டு எழுதட்டும். ஹிஸ்டரி டேக்கிங் என்பதை இதைவிட நன்றாகச் சொல்லித்தர எனக்குத் தெரியாது.

தயாரிப்புக்கு நேரம் எங்கே என்கிறீர்கள். முதல் நாள் மாலை பத்து நிமிடம் போதும். இரண்டு நோயாளிகளைத் தேர்ந்தெடுங்கள்: ஒருவர் நன்றாகக் கதை சொல்லக்கூடியவர், இன்னொருவரிடம் தொட்டாலோ கேட்டாலோ தெரிகிற ஓர் அடையாளம் இருக்க வேண்டும். மண்ணீரலோ, நீரோ, மர்மரோ (இதயத்தில் கேட்கும் கூடுதல் ஒலி). இருவரிடமும் போய் உட்கார்ந்து, "நாளைக்குப் படிக்கிற பிள்ளைகள் வருவாங்க, பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், முகம் சுளிக்காமல். நம் ஊரில் பெரும்பாலும் "வரட்டு மக்களே" என்றுதான் சொல்வார்கள். அதற்காக எட்டுப் பேரும் ஒரே வயிற்றை அமுக்கலாம் என்று அர்த்தமில்லை. ஒரு நோயாளியைத் தொடுவது மூன்று பேர், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். ஒருவர் கேஸ் சொல்கிறவர் நோயாளியிடம் எப்படிப் பேசினார் என்று கவனிக்கட்டும், ஒருவர் கேட்காமல் விட்டதைக் குறிக்கட்டும். திரையை இழுத்து மூடுவதும், கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றில் வைப்பதும் நீங்கள் செய்வதைப் பார்த்துத்தான் வரும்.

அப்புறம், ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். 'இன்றைக்கு ஜே.வி.பி. (கழுத்துச் சிரையின் அழுத்தம்) எட்டுப் பேரும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்', இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். 2019இல் சேர்ந்த பேட்ச் முதல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்துவிட்டதால், எந்தெந்தத் திறனைத் தானே செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. மாணவர்கள் லாக்புக்கை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள், பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் கடைசி நாளில் மொத்தமாகப் போட்டுத் தருவோம். அதைத் தொடக்கத்திலேயே வாங்கிப் பாருங்கள். அந்த போஸ்டிங்கில் நீங்கள் என்ன எடுக்க வேண்டும் என்பது அதிலேயே பாதி இருக்கும்.

அட்மிஷன் நாளில் கிளினிக்ஸ் எடுக்க முடியாது, முயலவும் வேண்டாம். அன்று மாணவர் பக்கத்தில் நின்றால் உங்கள் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "இவருக்குச் சுகர் நானூறு, ஆனால் எனக்குப் பயம் சுகர் இல்லை, மூச்சு வேகமா ஆழமா போகுது பார், அதனால ஏ.பி.ஜி.யும் (தமனி இரத்தத்தில் வாயு, அமிலம் பார்க்கும் சோதனை) கீட்டோனும் கேட்கிறேன்." வேலையும் நிற்காது, பாடமும் நடக்கும்.

ஏ.பி.ஜி. என்றதும் இன்டர்ன்களுடைய ஞாபகம் வருகிறது. அவர்களுக்குக் கைவேலை சொல்லித்தருவதும் உங்கள் தலையில்தான் விழும். பெய்ட்டன் என்ற அறுவை மருத்துவர் 1998இல் இதற்கு நான்கு கட்டம் சொன்னார். முதலில் பேசாமல், வழக்கமான வேகத்தில் நீங்கள் செய்து காட்ட வேண்டும். இரண்டாவது, ஒவ்வோர் அசைவையும் ஏன் என்று சொல்லிக்கொண்டே மெதுவாகச் செய்ய வேண்டும். மூன்றாவதில் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்ய வேண்டும். நான்காவதில்தான் ஊசி அவர் கைக்குப் போகும். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம், ஆனால் உயிரே அதில்தான் இருக்கிறது. 'ஊசியை நாற்பத்தைந்து டிகிரியில் வைங்க' என்று சரளமாகச் சொன்ன இன்டர்ன், எடுத்த பிறகு ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிப்பதைச் சொல்லாமல் விட்டார் என்றால், நோயாளியின் மணிக்கட்டு நீலமாவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரே நோயாளியை நான்கு தடவை குத்த முடியாதே என்பீர்கள். குத்த வேண்டாம். முதல் மூன்று கட்டத்தை மூன்று நோயாளிகளிடம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு டியூட்டியில் முடிந்துவிடும்.

செய்து காட்டுவது பற்றி நான் பட்ட அவமானம் ஒன்று சொல்கிறேன். உதவிப் பேராசிரியராக இருந்த சமயம், ஒரு மாணவன் மண்ணீரலைத் தேட இடது விலா எலும்புக்கு நேர் கீழே கையை வைத்தான். பெரிய மண்ணீரல். அதன் மேலேயே கை இருந்ததால் ஓரம் அவனுக்குத் தட்டுப்படவில்லை, 'ஒன்றுமில்லை சார்' என்றான். நான் எரிந்து விழுந்தேன். வலது இடுப்புக் குழியில் ஆரம்பித்து, மூச்சிழுக்கச் சொல்லிச் சொல்லி, இடது விலாவை நோக்கிச் சாய்வாக ஏற வேண்டும் என்று எத்தனை தடவை படித்தாய் என்று கேட்டேன். அவனும் சளைக்காமல் "ஏழெட்டுத் தடவை சார்" என்றான். கட்டிலில் கிடந்த அம்மாள், தக்கலைப் பக்கம், என்னைப் பார்த்து, "சாரே, நீங்க ஒருக்க செய்து காட்டுங்க, பிள்ள பாக்கட்டு" என்றார். அந்த போஸ்டிங் தொடங்கி மூன்று வாரம். அதுவரை அவனுக்கு நான் ஒரு தடவைகூடச் செய்து காட்டியிருக்கவில்லை.

எரிந்து விழுவதை நான் எங்கே கற்றேன் என்று கேட்டால், நான் பி.ஜி.யாக இருந்த இடத்தில். நோயாளி முன்னால் வைத்து எங்களை உரிப்பார்கள். அப்படித்தான் பாடம் மனதில் நிற்கும் என்று நாங்களும் நம்பினோம். எனக்கு இப்போது அந்தத் திட்டுகள் எல்லாம் வரிக்கு வரி நினைவிருக்கின்றன. எந்தக் கேஸுக்காகத் திட்டினார்கள் என்பது ஒன்றுகூட நினைவில்லை.

ஆகவே திருத்துவதற்கு இடம் பாருங்கள். நோயாளிக்கு ஆபத்து என்றால் அந்த நொடியே தடுக்க வேண்டும், அதில் பேச்சில்லை. மற்றதெல்லாம் வராந்தாவில், அன்றைக்கே. "நல்லா பண்ணினே" என்பதால் யாருக்கும் பிரயோஜனமில்லை, "இன்னும் நிறைய படிக்கணும்" என்பதாலும் இல்லை. "பாட்டாகிட்ட பீடி எத்தனைன்னு கேட்டே, எத்தனை வருஷமான்னு கேட்கலை", இப்படிச் சொன்னால் நாளைக்கே அவரால் மாற்றிக்கொள்ள முடியும். பின்னூட்டத்துக்கும் மார்க் போடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஜாக் எண்டே என்பவர் 1983லேயே ஒரு கட்டுரையில் தெளிவாக எழுதிவிட்டார். நம் வார்டுகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. நீங்கள் மாணவரைப் பற்றி முடிவெழுத வேண்டியதில்லை, கண்ணால் கண்டதைச் சொன்னால் போதும்.

உங்கள் சீஃபிடம் ஒன்று கேளுங்கள். "சார், ஒரு நாள் நான் கிளினிக்ஸ் எடுக்கும்போது பின்னால நின்னு பாருங்க, அப்புறம் எனக்குச் சொல்லுங்க." பெரும்பாலான சீஃப்கள் ஒத்துக்கொள்வார்கள். அவர்களை யாரும் இதைக் கேட்டதில்லை, அவ்வளவுதான். உங்கள் கல்லூரியில் மருத்துவக் கல்விப் பிரிவு ஒன்று இருக்கும், எல்லாக் கல்லூரியிலும் இருந்தாக வேண்டும். ஆசிரியர்களுக்கான பயிற்சி நடக்கும்போது பி.ஜி.க்கள் இரண்டு பேர் பின்வரிசையில் உட்காரலாமா என்று சீஃப் மூலம் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் பேட்ச் பி.ஜி. ஒருவரோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை நீங்கள் அவரைப் பார்ப்பது, அவர் உங்களைப் பார்ப்பது.

இடையில் ஊர்ப்பெருமை கொஞ்சம், பொறுத்துக்கொள்ளுங்கள். நெய்யூரில் 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய மருத்துவ மிஷனில், மருத்துவக் கல்லூரி என்ற ஒன்று இந்தப் பக்கத்தில் வருவதற்கு எவ்வளவோ முன்பே, உள்ளூர்ப் பையன்களை வேலையில் கூட வைத்துக்கொண்டே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார்கள். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய ஹோவர்ட் சோமர்வெல் பல வருடம் அறுவை சிகிச்சை செய்ததும் அங்கேதான். பிற்காலத்தில் அவர் வேலூர் சி.எம்.சி.யில் சர்ஜரி கற்பிக்கப் போனார். நீங்கள் பஸ்ஸில் நெய்யூரைத் தாண்டும்போது இது நினைவுக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம்.

இனி அந்தப் பையன் விஷயம். அவன் கேட்டது நல்ல கேள்வி. இறுதியாண்டில் அந்தக் கேள்வி கேட்கத் தெரிந்தவன் வார்டில் நின்று ரிப்போர்ட் படித்திருக்கிறான் என்று அர்த்தம். உங்களுக்கு விடை தெரியாமல் போனதில் ஒன்றுமில்லை. தெரியாததை மறைக்க அவனுடைய பெர்கஷனைப் பிடித்துக்கொண்டீர்களே, அதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். எட்டுப் பேருக்கும் அது தெரிந்திருக்கும், பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள்.

விடை இதுதான். லைட் என்ற மருத்துவர் 1972இல் சொன்ன அளவுகோல்கள் மூன்று: நீரில் உள்ள புரதம் இரத்தப் புரதத்தில் பாதிக்கு மேல், எல்.டி.எச். (ஒரு நொதி) இரத்தத்தில் இருப்பதில் 0.6 பங்குக்கு மேல், அல்லது எல்.டி.எச். இரத்தத்துக்கான இயல்பு உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். இதில் ஒன்று தேறினாலும் எக்ஸுடேட். எக்ஸுடேட் எதையும் தவறவிடக் கூடாது என்பதற்காக அகலமாக வீசிய வலை அது. ஒரு வாரம் லேசிக்ஸ் போனால் நெஞ்சு நீரிலிருந்து தண்ணீர் குறைகிறது, புரதமும் எல்.டி.எச்.சும் செறிவாகின்றன. ஹார்ட் ஃபெயிலியர் நீரே எக்ஸுடேட் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. அப்போது இரத்த ஆல்புமினிலிருந்து நீரின் ஆல்புமினைக் கழித்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் டெசிலிட்டருக்கு 1.2 கிராமுக்கு மேல் இருந்தால் ட்ரான்ஸுடேட் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இதை அவனிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னிக்கு எனக்கு விடை தெரியலை, அதனாலதான் அப்படிப் பேசிட்டேன், ஸாரி" என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம், "லேசிக்ஸ் போனா நீர்ல என்ன மாறும்னு யோசிச்சுட்டு வா, புதன்கிழமை அஞ்சு நிமிஷம் நீ எடு" என்று விட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் கேஸ் ஷீட்டைப் புரட்டி, நீர் எடுத்த அன்று இரண்டு ஆல்புமினும் அனுப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். அனுப்பவில்லையென்றால் லேபில் சாம்பிள் மிச்சம் இருக்கிறதா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.